பத்ரினாவின் மக்கள்தொகை: 127-ஆ, 88-ஆ?

ருமேனியாவின் பத்ரினாவுக்கு ஓர் இடத்தில் 127 பேர், இன்னோர் இடத்தில் 88 பேர் என்று இருக்கிறது, எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். முதலாவது 2011 கணக்கெடுப்பு, அடுத்தது 2021.

ஆனால் இவை பத்ரினா கிராமத்துக்கு மட்டுமான எண்கள் இல்லை. அதே பெயருள்ள கொம்யூனுக்கானவை (கொம்யூன் என்பது சில கிராமங்கள் சேர்ந்த உள்ளாட்சிப் பகுதி). அதில் பத்ரினா, ஃபாத்சா ரோஷியே, பியாத்ரா, ரகித்சாவா என நான்கு கிராமங்கள். ஹுனெடோரா மாவட்டத்தில், பொயானா ருஸ்கா மலைப்பகுதியில் இருக்கிறது. நாட்டிலேயே மக்கள் மிகக் குறைந்த கொம்யூன். இவ்வளவு குறைவான பேருக்கும் தனி மேயர், தனி மன்றம் வேறு!

அப்புறம், அடர்த்தி கணக்குப் போடும்போது கவனம்: கொம்யூனின் மக்கள்தொகையைக் கொம்யூனின் பரப்பால்தான் வகுக்க வேண்டும். வரைபடத்தில் புள்ளியாகத் தெரிவது கிராமம், எல்லைக்கோட்டோடு தெரிவது கொம்யூன்.