சீலியாக் ரத்தப் பரிசோதனை: கோதுமையை நிறுத்துவதற்கு முன் கேளுங்கள்

கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். கோதுமை உணவால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

லாஸ்பேட்டை அம்மா: அக்கா, பையனுக்கு 7 வயது. வளர்த்தியே இல்லை. இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. டாக்டர் சீலியாக் டெஸ்ட் எழுதியிருக்கிறார். ஒரு மாதமாகச் சப்பாத்தி, ரொட்டி எல்லாம் நிறுத்திவிட்டேன். நாளைக்கு ரத்தம் கொடுக்கலாமா?

வேண்டாம்மா. நிறுத்தியதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால் உடம்பு தன் குடலையே தாக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கும். டெஸ்ட்டில் தேடுவது அந்த எதிர்ப்பொருளைத்தான். கோதுமை நின்றால் அது குறைந்துகொண்டே வரும். நோய் இருந்தும் 'நெகட்டிவ்' என்று வந்துவிடும். தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு, குறைந்தது 6 வாரம் என்பது பொதுக் கணக்கு. பிள்ளைக்கு எப்படி என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் பக்கம் இன்னொரு சிக்கல். "கோதுமை சாப்பிடுகிறான்" என்பார்கள். விசாரித்தால் வாரத்தில் ஒரு நாள் பரோட்டா, மற்றபடி இட்லியும் சோறும்தான். அதையும் மறக்காமல் சொல்லுங்கள். 2016இல் வெளியான ஆய்வில் வட இந்தியாவில் பெரியவர்களில் 1.23 சதவீதம் பேருக்கும் தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும் ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தது. குறைவு என்பதாலேயே இங்கே பலருக்கு இது நினைவுக்கே வருவதில்லை.

நெல்லிக்குப்பம் தம்பி: டிடிஜி ஐஜிஏ, மொத்த ஐஜிஏ என்று இரண்டு எழுதியிருக்கிறார்கள். செலவைக் குறைக்க முதலாவது மட்டும் போதுமா?

இரண்டும் வேண்டும் தம்பி. ஐஜிஏ என்பது ஒரு வகை எதிர்ப்பொருள். டிடிஜி ஐஜிஏ என்பது அதில் சீலியாக்குக்காகத் தேடுவது, மொத்த ஐஜிஏ என்பது அந்த வகை முழுவதும் எவ்வளவு இருக்கிறது என்பது. சிலருக்கு ஐஜிஏ பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு முதல் டெஸ்ட் நெகட்டிவாக வந்தால் அதை நம்ப முடியாது. ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளைத் தேடும் டெஸ்ட் பார்க்க வேண்டும். வெறும் வயிறு தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போங்கள்.

வில்லியனூர் சார்: எனக்கு வயது 41. டிடிஜி 38, ரிப்போர்ட்டில் எல்லை 20. உறுதிதானே?

இல்லை சார். டெஸ்ட் தட்டில் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) ஊற்றிய குழியில் முதலில் நீலம் வரும், அமிலம் விட்டதும் மஞ்சளாக மாறும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அதுதான் உங்கள் எண். ஒவ்வொரு கம்பெனி டெஸ்ட் கிட்டுக்கும் எல்லை மாறும், லேசாக ஏற வேறு காரணமும் இருக்கலாம். எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் சதை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து அதுவரை கோதுமையை நிறுத்தாதீர்கள்.

பண்ருட்டி தங்கை: அக்காவுக்கு உறுதியாகி 4 மாதமாகக் கோதுமையே இல்லை. இன்னும் பாசிட்டிவ் காட்டுகிறதே?

முன்பைவிட இறங்கியிருக்கிறதா என்று பாரும்மா. முழுசாக இறங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். இறங்கவே இல்லை என்றால் சமையலறையில் தேடு. ரவை, சேமியா, மால்ட் பானம் எல்லாம் தெரிந்ததுதான். சாம்பாருக்குப் போடும் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படி. கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும்.