இரட்டை பிஸ்டன் விமானம்: முதல் குறைவு, வட்டி அதிகம்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சாதி விமானத்தைப் பற்றியவை: ஆறு முதல் பத்துப் பேர் உட்காரும், இரண்டு பிஸ்டன் இன்ஜின் வைத்த விமானங்கள். அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

தேவகோட்டை வாசகர்: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகன் 1979-ம் வருஷத்து செஸ்னா 421சி ஒன்றை வாங்கப் பார்க்கிறான். எட்டுப் பேர் உட்காரலாம், கேபினில் காற்றழுத்த வசதியும் இருக்கிறதாம். புது ஒற்றை இன்ஜின் விமானத்தின் விலையில் பாதிகூட இல்லையே, எப்படி?

ஐந்தொகை போட்டே பழகிய ஊர்க்காரர் நீங்கள். உங்கள் பாஷையிலேயே சொல்கிறோம். விமானத்தின் விலை வெறும் முதல். ஆளைச் சாய்ப்பது வட்டி, அதாவது பராமரிப்புச் செலவு. 421-ஐ செஸ்னா 1985-ல் நிறுத்திவிட்டது. அதற்குப் போட்டியான பைப்பர் நவாஹோ 1984-ல் நின்றது. ஆக, சந்தையில் கிடைக்கும் ஆக இளைய வண்டிக்கே நாற்பது வயது. வாங்க ஆள் குறைவதால் விலை இறங்குகிறது. இன்ஜினை முழுதும் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் செலவு மட்டும் இன்றைய விலையில்தான் நிற்கும்.

421சி-யில் இருப்பது 375 குதிரைசக்தி கான்டினென்டல் ஜிடிஎஸ்ஐஓ-520, இரண்டு. பறக்கும்போது இரண்டும் சேர்ந்து மணிக்கு 150 முதல் 170 லிட்டர் குடிக்கும். பெயரில் உள்ள 'ஜி' கியர் பெட்டியைக் குறிக்கும். இன்ஜின் மூன்று சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் இரண்டு சுற்று சுற்றும். கேபினில் சத்தம் குறைவதற்கு இதுதான் காரணம்; பைலட்டைத் தண்டிப்பதும் இதுதான். இறங்கும்போது த்ராட்டிலைச் சட்டென்று மூடினால் காற்று புரொப்பெல்லரைச் சுற்ற, புரொப்பெல்லர் இன்ஜினை இழுக்கும். கியர் பற்கள் எதிர்ப்பக்கம் மோதித் தேயும். அதனால் இறக்கத்தை முன்கூட்டியே ஆரம்பித்து, மானிஃபோல்ட் அழுத்தத்தை (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், பாதரச அங்குலத்தில் அளப்பது) நிமிஷத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் குறைக்க வேண்டும். பழைய உரிமையாளர் எப்படி ஓட்டினார் என்பதை லாக் புத்தகம் சொல்லாது, கியர் பெட்டி சொல்லும்.

முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது எக்ஸாஸ்ட் குழாய். டர்போவுக்கு (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) போகும் குழாய் விரிசல் விட்டால் தீநாக்கு நேராக இன்ஜினைத் தாங்கும் பீமிலும், இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வாலிலும் படும். இதற்காகவே அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. செஸ்னாவின் டர்போ இரட்டை இன்ஜின் விமானங்களுக்கு 2000-ல் கட்டாயச் சோதனை ஆணை போட்டது. அந்த ஆணைப்படி என்றைக்கு எந்தக் குழாய் மாற்றப்பட்டது என்று லாக் புத்தகப் பக்கத்தோடு கேளுங்கள்.

அடுத்தது சிலிண்டர் சோதனை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் 80 பி.எஸ்.ஐ. காற்றைக் கொடுத்து, எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். எண்ணைவிட 'உஸ்' சத்தம் எங்கே கேட்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் ஸ்டீல். எங்கோ ஓர் உருப்படி தேய்கிறது.

கடைசியாக ஓட்டம். வருஷத்துக்கு 150 மணி நேரம் பறந்த விமானத்தை நம்பலாம். ஐந்து வருஷமாக ஹேங்கரில் துணி போர்த்தி வைத்து, மாதம் ஒருமுறை தரையில் ஸ்டார்ட் செய்து அணைத்த விமானத்தை நம்ப முடியாது. எண்ணெய் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் அணைத்தால் உள்ளே உண்டான ஈரம் ஆவியாகாமல் தங்கி, கேம்ஷாஃப்டையும் சிலிண்டர் சுவரையும் துருப்பிடிக்க வைக்கும். பூட்டிக் கிடந்த பெரிய வீட்டை வருஷத்துக்கு ஒரு நாள் படையலுக்கு மட்டும் திறந்தால் தேக்கு உத்தரம் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் அபிப்பிராயம்: வாங்குகிற விலையில் பாதிக்குக் குறையாத தொகையைத் தனியாக எடுத்து வைக்க முடிந்தால் வாங்கட்டும். முடியாவிட்டால் நல்ல ஒற்றை இன்ஜின் போதும்.

கானாடுகாத்தான் வாசகர்: செட்டிநாட்டில் உலகப் போர்க்கால ஓடுதளத்தைத் திறக்கப் போவதாக அடிக்கடி பேச்சு அடிபடுகிறது. திறந்தால் இப்படிப்பட்ட விமானம் சரிப்படுமா?

ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு சின்ன ஓடுதளத்தில் ஏறி இறங்குவது இந்தச் சாதி விமானத்துக்குக் கைவந்த வேலை. பிரிட்டனின் ஐலாண்டர் 1965-ல் முதலில் பறந்ததிலிருந்து தீவுகளுக்கு இடையே இதைத்தான் செய்துவருகிறது. புதியதில் இத்தாலியின் டெக்னாம் பி2012 இருக்கிறது: 375 குதிரைசக்தி லைகாமிங் இரண்டு, ஒன்பது பயணிகள். அமெரிக்காவின் கேப் ஏர் தன் பழைய செஸ்னா 402-களுக்குப் பதில் இதை எடுத்துக்கொண்டது.

இங்கே சிக்கல் வெயில். கணக்கைப் போட்டே பார்க்கலாம். நம் பக்கம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 அடி. அந்த உயரத்தில் இருக்க வேண்டிய வெப்பம் சுமார் 14.4 டிகிரி. சித்திரை மதியம் 40 டிகிரி என்றால் அதிகப்படி 25.6. டிகிரிக்கு 120 அடி வீதம் 3,070 அடி. இருக்கிற 300-ஐக் கூட்டினால், விமானம் தான் ஏறத்தாழ 3,400 அடி உயர மலையூரில் நிற்பதாகவே நடந்துகொள்ளும். இரண்டு இன்ஜினும் ஓடும்வரை இது பெரிதாகத் தெரியாது. ஒன்று நின்றால் சக்தி பாதி குறையும். ஏறும் திறனோ 80 முதல் 90 சதவீதம் போய்விடும், ஏனென்றால் ஏற்றம் என்பது மட்டமாகப் பறக்கத் தேவையானது போக மிச்சமிருக்கும் சக்தி. அமெரிக்காவின் பழைய சான்று விதிப்படி, 6,000 பவுண்டுக்கு உட்பட்டு, ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) மணிக்கு 61 கடல்மைலுக்கு மேல் போகாத இரட்டை இன்ஜின் விமானம் ஒரே இன்ஜினில் ஏறியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. எவ்வளவு ஏறும் அல்லது இறங்கும் என்று எழுதிக் காட்டினால் போதும். எனவே விடியற்காலையிலோ சாயங்காலமோ, ஆள் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

அதையும் மீறி எங்களைக் கேட்டால், இந்தத் தடத்துக்கு ஒற்றை டர்பைன் இன்ஜின் வைத்த செஸ்னா கேரவன்தான் பொருத்தம். மணிக்குச் சுமார் 190 லிட்டர் எரிக்கும். ஆனால் அது கேட்கும் ஜெட் எரிபொருளை மதுரையிலோ திருச்சியிலோ நிரப்பிக்கொள்ளலாம்.

புதுவயல், அரிசி ஆலை உரிமையாளர்: பிஸ்டன் விமானங்களுக்கான பெட்ரோலான ஏவ்கேஸ் கிடைப்பதே பாடு என்கிறார்கள். பங்க் பெட்ரோல் ஊற்றினால் என்ன? டீசல் இன்ஜின் விமானம் உண்டாமே?

பங்க் பெட்ரோலை விட்டுவிடுங்கள். நம்மூர் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம்வரை எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் ஊதவைக்கும். ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் எண்) கணக்கில் சாதாரண பெட்ரோலின் 91-ஐயும் ஏவ்கேஸின் 100-ஐயும் ஒப்பிடவும் கூடாது. அளக்கும் முறையே வேறு, நிஜ இடைவெளி இன்னும் பெரிது. டர்போ இன்ஜினில் ஊற்றினால் கலவை தானாகவே வெடித்து, சில நிமிஷங்களில் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

இந்த வெடிப்பைத் தடுக்கத்தான் ஏவ்கேஸில் ஈயம் சேர்க்கிறார்கள், லிட்டருக்கு அதிகபட்சம் 0.56 கிராம். அந்த ஈயத்துக்குத்தான் இப்போது கெடு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2030 முடிவுக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது இலக்கு. ஈயமில்லாத ஜி100யூஎல் 2022 செப்டம்பரில் எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் பெற்றது, பெயின்ட் கறைபடுகிறது, டேங்க் சீலன்ட் இளகுகிறது என்ற புகார்களும் கூடவே வந்தன. சின்ன விமானங்கள் 94 ஆக்டேனிலும் ஓடிவிடும். 100 இல்லாமல் முடியாது என்று அடம்பிடிப்பவை இந்தப் பெரிய இரட்டைகள்தான். அமெரிக்கக் கணக்கில், 100 கேட்கும் சுமார் 30 சதவீத விமானங்களே மொத்த ஏவ்கேஸில் 70 சதவீதத்தைக் குடிக்கின்றன. இந்தியாவில் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. இறக்குமதியையே நம்பியிருந்தோம், 2022 செப்டம்பரிலிருந்து இந்தியன் ஆயிலின் வடோதரா சுத்திகரிப்பு ஆலையில் ஏவ்கேஸ் உற்பத்தியாகிறது.

டீசல் கேள்விக்கு வருவோம். டைமண்ட் டிஏ62-ல் 180 குதிரைசக்தி ஆஸ்ட்ரோ இன்ஜின் இரண்டு. மெர்சிடிஸ் கார் இன்ஜினிலிருந்து வளர்ந்தது. குடிப்பது விமான நிலைய ஜெட் ஏ-1, பங்க் டீசல் அல்ல. ஏழு இருக்கை வரை போடலாம், மணிக்கு மொத்தமே சுமார் 60 லிட்டர். உங்கள் ஆலை ஜெனரேட்டருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு: இது மின்சாரம் இல்லாமல் ஓடாது, ஏனென்றால் இன்ஜினை நடத்துவது கம்ப்யூட்டர். 2007-ல் ஜெர்மனியின் ஷ்பயரில், பேட்டரி இறங்கிய ஒரு டிஏ42-ஐ வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்து கிளப்பினார்கள். சக்கரத்தை மடக்கிய நொடியில் மோட்டார் இழுத்த இழுப்பில் மின்னழுத்தம் சரிந்து, கம்ப்யூட்டர்கள் ரீசெட் ஆகி, இரண்டு இன்ஜினும் ஒன்றாக நின்றன. பேட்டரி செத்திருந்தால் சார்ஜ் ஏற்றாமல் பறக்கக் கூடாது. ஒரு மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை.

காரைக்குடி மாணவி: மல்டி இன்ஜின் பயிற்சிக்குப் போகிறேன். ஒரு பள்ளியில் பைப்பர் செனகா, இன்னொன்றில் டிஏ42. எது நல்லது?

வேலைக்கு டிஏ42. ஏர்லைன் பக்கம் போனால் டயலுக்குப் பதில் கம்ப்யூட்டர் திரைதான், இன்ஜினுக்கு ஒற்றை லீவர்தான். கை பழக செனகா, ஏனென்றால் இரண்டு த்ராட்டில், இரண்டு புரொப்பெல்லர் லீவர், எரிபொருள்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் இரண்டு மிக்ஸ்சர் லீவர் என ஆறையும் நீங்களே ஆள வேண்டும். எதை எடுத்தாலும் மூன்றை மனதில் வையுங்கள்.

எந்த இன்ஜின் நின்றது என்று சொல்வது உங்கள் கால். நேராகப் போக எந்தக் காலால் ரட்டரை மிதிக்கத் தேவையில்லையோ அந்தப் பக்கத்து இன்ஜின் செத்தது. ஆனால் உடனே லீவரை இழுக்காதீர்கள். அந்தப் பக்கத்து த்ராட்டிலை மெதுவாக மூடிப் பாருங்கள். எதுவும் மாறாவிட்டால்தான் ஃபெதர், அதாவது காற்றைத் தடுக்காதபடி புரொப்பெல்லர் பிளேடைத் திருப்பி நிறுத்துவது. பதற்றத்தில் ஓடுகிற இன்ஜினை அணைத்துவிட்டவர்கள் உண்டு.

ஃபெதர் செய்யவும் நேரக்கெடு உண்டு. செனகா போன்றவற்றில் சுழற்சி நிமிஷத்துக்கு ஏறக்குறைய 800-க்குக் கீழே போனால் பூட்டு ஊசிகள் விழுந்துவிடும். பிறகு பிளேடைத் திருப்ப முடியாது. தரையில் அணைக்கும்போது புரொப்பெல்லர் ஃபெதர் ஆகாமல் காப்பதும் அதே ஊசிதான்.

சிவப்புக் கோடான விஎம்சிஏ (ஓர் இன்ஜின் நின்றபின் விமானத்தைத் திசை தவறாமல் ஆள முடிகிற குறைந்தபட்ச வேகம்), டர்போ இல்லாத விமானத்தில் உயரம் கூடக் கூடக் குறையும், ஓடுகிற இன்ஜினின் சக்தி குறைவதால். ஸ்டால் வேகம் காட்டியில் அப்படியே நிற்கும். ஓர் உயரத்தில் இரண்டும் சந்திக்கும். அங்கே விஎம்சி பயிற்சி காட்டினால் விமானம் ஒரு பக்கம் புரண்டு, சுழன்றபடி விழும் ஸ்பின்னுக்குப் போகலாம். காரைக்குடி வெயிலில் அந்த உயரம் நீங்கள் நினைப்பதைவிடத் தாழ்வானது. ஸ்டால் எச்சரிக்கையோ, திசை நழுவலோ, எது முதலில் வந்தாலும் மூக்கை இறக்கி, ஓடுகிற இன்ஜினின் சக்தியைக் குறைத்துவிடுங்கள்.

கோட்டையூர் வாசகர்: எங்கள் ஊர் அழகப்பச் செட்டியார் ஜூபிடர் ஏர்வேஸ் நடத்தினாரே. அந்தக் காலத்தில் எதை ஓட்டினார்கள்?

அந்தக் காலத்து இந்திய விமானக் கம்பெனிகளின் உழைப்பாளி டகோட்டா. அதுவும் இரட்டை பிஸ்டன்தான், ஒவ்வொன்றும் 1,200 குதிரைசக்தி, 14 சிலிண்டர். அந்த அளவுக்கு டர்பைன் வந்ததும் பிஸ்டன் ஒதுங்கிக்கொண்டது. இப்போது கத்தி அடுத்த படியில், ஒன்பது இருக்கையில் நிற்கிறது.

கண்டனூர் வாசகர்: மின்சார இரட்டை இன்ஜின் விமானம் எப்போது?

பயிற்சிக்கு வரும். ஒன்பது பேரைச் சுமந்து நெடுந்தூரம் போக இன்றைய பேட்டரி போதாது. ஒரு கிலோ பேட்டரியில் சுமார் 250 வாட்-மணி. ஒரு கிலோ பெட்ரோலில் 12,000.

பள்ளத்தூர் வாசகர்: விமானத்தின் மேல் 'டர்போ' என்று எழுதியிருந்ததைப் பார்த்து ஜெட் எரிபொருள் ஊற்றிவிட்டார்கள் என்று படித்தேன். இது நடக்குமா?

நடந்திருக்கிறது, பலமுறை. டர்போசார்ஜர் வைத்த பெட்ரோல் இன்ஜினை டர்பைன் என்று நினைத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே டேங்க்கில் இருந்த ஏவ்கேஸோடு கலந்துவிடுவதால் இன்ஜின் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், டாக்ஸியும் போகும்; முழு சக்தி கொடுத்து மேலே ஏறும்போதுதான் வெடிப்பு ஆரம்பிக்கும். ஜெட் எரிபொருள் ஊற்றும் குழாயின் மூக்கு தட்டையாக வாத்து அலகு மாதிரி இருக்கும், டேங்க்கின் சிறிய வாயில் நுழையாது. பழைய விமானங்களில் வாய் அகலம், நுழைந்துவிடும். வாயைச் சிறுக்கும் வளையம் கிடைக்கிறது, போட்டுவிடுங்கள்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஏவ்கேஸ் 100 எல்எல் நீலம். பாதிக்குப் பாதி ஜெட் கலந்தாலும் லேசான நீலம் தெரியும். டேங்க்கின் வடிகுழாயிலிருந்து எடுத்த எரிபொருளில் இரண்டு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். சுத்த ஏவ்கேஸ் சீக்கிரம் காய்ந்து தடமில்லாமல் போகும். ஜெட் கலந்திருந்தால், வடை பொட்டலத்தில் விழும் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு வளையம் நிற்கும். வளையம் நின்றால் ஸ்டார்ட் செய்யாமல் டேங்க் முழுதையும் வடிக்க வேண்டும். அந்த எரிபொருளில் இன்ஜின் ஓடியிருந்தால், குழாய்களையும் ஃப்யூவல் சிஸ்டத்தையும் கழுவி, சிலிண்டரை உள்ளே கேமரா விட்டுப் பார்க்காமல் அந்த விமானம் கிளம்பக் கூடாது.