வேறு பட்டம் படித்தவர்கள் பிரிட்டனில் நர்ஸ் ஆவது எப்படி? – கேள்வி பதில்

நர்சிங் அல்லாத பட்டம் வைத்திருப்பவர்கள் பிரிட்டனில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு படித்துப் பதிவு பெற்ற நர்ஸ் ஆகும் வழியைப் பற்றிக் கேளுங்கள். விசா மறுப்பு, அப்பீல் விவகாரங்களுக்கு வக்கீலைப் பாருங்கள். கேட்பதற்கு முன் கீழே உள்ள பதில்களை ஒரு முறை படித்துவிடுங்கள்.

மதுரை பயோகெம்: அக்கா, நான் பி.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி. யு.கே.ல ஒரு வருஷ எம்.எஸ்சி நர்சிங்குக்கு ஆஃபர் வந்திருக்கு. முடிச்சதும் நர்ஸ் வேலைன்னு ஏஜென்ட் சொல்றார். டெபாசிட் கட்டலாமா?

கட்டாதீர்கள். கணக்கைப் பாருங்கள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு தருவது என்.எம்.சி என்ற நர்சிங் கவுன்சில். அது கேட்பது மொத்தம் 4,600 மணி நேரம்: பாதி வகுப்பு, பாதி வார்டு. ஏற்கெனவே படித்ததையும் செய்ததையும் கணக்கில் எடுத்து அதிகபட்சம் பாதியைக் கழிக்கலாம். மீதி 2,300 மணி நேரம். 52 வாரமும் லீவே போடாமல் வாரம் 40 மணி நேரம் உழைத்தாலும் 2,080தான் வரும். ஆகவே நர்ஸ் அல்லாத ஒருவரை ஒரே வருடத்தில் நர்ஸாக்கும் படிப்பு இருக்கவே முடியாது.

'எம்.எஸ்சி நர்சிங்', 'அட்வான்ஸ்டு நர்சிங்', 'இன்டர்நேஷனல் நர்சிங்' என்ற பெயர்களில் வரும் ஒரு வருடப் படிப்புகள் ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்களுக்கானவை. முடித்தால் பட்டம் கிடைக்கும், பதிவு கிடைக்காது. நீங்கள் தேட வேண்டியது 'ப்ரீ-ரிஜிஸ்ட்ரேஷன்' என்ற சொல்லை. கூடவே அடல்ட், சில்ட்ரன்ஸ், மென்டல் ஹெல்த், லேர்னிங் டிசபிலிட்டி என்ற நான்கு பிரிவுகளில் ஒன்றின் பெயர் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தாலும், என்.எம்.சி தளத்தில் உள்ள அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி உட்காராதீர்கள்.

இன்னொன்று. சில பல்கலைக்கழகங்கள் இந்தப் படிப்பில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதே இல்லை, வார்டு பயிற்சி இடங்கள் போதாது என்பதால். அதை முதல் மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஹாரோ சைக்காலஜி: அக்கா, நான் இங்க பிறந்து வளர்ந்தவள், பிரிட்டிஷ் சிட்டிசன். சைக்காலஜியில 2:1 (இரண்டாம் வகுப்பு மேல் பிரிவு). மென்டல் ஹெல்த் நர்சிங் எடுக்க விருப்பம். கெயார் அனுபவ மணித்தியாலங்கள் கேக்கினம். ரெண்டு வருசம் அம்மம்மாவை வீட்டில பார்த்தனான், அது கணக்கில வருமோ? ரெண்டாவது டிகிரிக்கு லோனும் கிடைக்குமோ?

லோன் விஷயம் எளிது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். முதல் பட்டம் வைத்திருந்தாலும், இங்கிலாந்தில் இந்த முதுநிலை நர்சிங் படிப்புக்கு இளநிலை மாணவர்களுக்கு உரிய அதே கட்டணக் கடனும் வாழ்க்கைச் செலவுக் கடனும் உண்டு. அதற்கு மேல் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) லேர்னிங் சப்போர்ட் ஃபண்டில் வருடத்துக்கு 5,000 பவுண்டு, திருப்பித் தர வேண்டாம். மென்டல் ஹெல்த் எடுப்பதால் இன்னும் 1,000. பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் 2,000. ஸ்காட்லாந்து, வேல்ஸ் முறைகள் வேறு. வேல்ஸ் உதவித்தொகை வாங்கினால் படித்த பின் குறிப்பிட்ட காலம் அங்கேயே வேலை செய்ய ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி மணி நேரம். மூன்று வருடப் படிப்பு இரண்டாகச் சுருங்குவது 'முன்கற்றல் அங்கீகாரம்' மூலம்தான். ஏறக்குறைய 1,500 மணி நேரம் கழிபடும். வகுப்பு பாகத்துக்கு உங்கள் சைக்காலஜி பட்டம் ஈடாகும். வார்டு பாகத்துக்குத்தான் கெயார் அனுபவம். எத்தனை மணி நேரம், எவ்வளவு காலத்துக்குள் செய்தது என்பதெல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். வீட்டுப் பராமரிப்பைச் சிலர் ஏற்பார்கள், பலர் மறுப்பார்கள். செய்ததைப் பார்த்துக் கையெழுத்திட ஒரு பதிவு பெற்ற நர்ஸோ வேறு மருத்துவத் துறையாளரோ அங்கே இல்லை என்பதுதான் சிக்கல். அம்மம்மாவைப் பார்க்க டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் வந்து போயிருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ ஹெல்த்கேர் அசிஸ்டன்டாகச் சில மாதம் வேலை செய்வதுதான் உறுதியான வழி. மென்டல் ஹெல்த் வார்டில் பேங்க் ஷிப்ட் (தேவைப்படும்போது மட்டும் கூப்பிடும் வேலை) கிடைத்தால் இன்டர்வியூவிலும் கைகொடுக்கும்.

இந்த அனுபவத்தை எழுதிக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் பலர் சறுக்குவது எழுத்தில். 'நோயாளிகளை அன்போடு கவனித்துக்கொண்டேன்' என்றால் மதிப்பெண் இல்லை. இப்படி எழுத வேண்டும்: 'படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்தேன். குதிகாலிலும் வால் எலும்புப் பகுதியிலும் தோலைப் பார்த்தேன். விரலால் அழுத்தியும் சிவப்பு மறையாததைக் கண்டு பொறுப்பு நர்ஸிடம் சொன்னேன், சார்ட்டில் குறித்தேன்.' என்ன செய்தீர்கள், என்ன கண்டீர்கள், யாரிடம் சொன்னீர்கள். மூன்றும் இருந்தால் போதும். நோயாளி பெயர், வார்டு பெயர் எழுதிவிடாதீர்கள். ரகசியம் காக்கவில்லை என்று அதற்கே திருப்பி அனுப்புவார்கள்.

கோவை பி.காம்: எம்.எஸ்சி குளோபல் நர்சிங், 12 மாசம். நர்ஸ் ஆகலாமா?

ஆக முடியாது. முதல் பதிலைப் படியுங்கள்.

திருச்சி அப்பா: என் மனைவி எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி. ப்ரீ-ரிஜிஸ்ட்ரேஷன் கோர்ஸ்தான், பட்டியலில் பார்த்துவிட்டோம். நானும் குழந்தையும் டிபென்டென்டாகப் போகலாமா?

முடியாது. 2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளில், ஆராய்ச்சிப் படிப்பு மாணவர்கள்தான் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியும் (அரசு உதவித்தொகையில் போகிறவர்கள் தனி). இது வகுப்பு வழி முதுநிலை. இரண்டு வருடப் பிரிவைத் தாங்குமா என்று வீட்டில் பேசிவிட்டுப் பணத்தை எடுங்கள். ஸ்டூடன்ட் விசாவில் வெளிநாட்டுக் கட்டணம்தான், மேலே சொன்ன கடனும் 5,000 பவுண்டும் கிடையாது. பகுதிநேர வேலை டேர்ம் நாட்களில் வாரம் 20 மணி நேரம். வார்டு பயிற்சி இதில் சேராது. ஆனால் வாரம் 37.5 மணி நேரப் பயிற்சிக்கு மேல் இருபது மணி நேர வேலையும் பார்த்துக் கட்டணத்தைச் சமாளிக்கலாம் என்று போடும் பட்ஜெட் முதல் நைட் டியூட்டி வாரத்திலேயே உடைந்துவிடும்.

லீட்ஸ் இல்லத்தரசி: வணக்கம் சிஸ்டர். கணவர் ஸ்கில்டு ஒர்க்கர் விசா, நான் டிபென்டென்ட். பி.டெக் பயோடெக். என் நிலைமை என்ன?

உங்களுக்குப் படிக்கவும் தடை இல்லை, வேலை மணி நேரத்துக்கும் வரம்பு இல்லை. கெயார் அனுபவம் சேர்க்க நல்ல நிலைமை. ஆனால் ஐ.எல்.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வரும்வரை பொதுவாக வெளிநாட்டுக் கட்டணம்தான், மாணவர் கடனும் இல்லை. ஐ.எல்.ஆர். பக்கத்தில் இருக்கிறது என்றால் காத்திருப்பது லாபம். காத்திருக்கும் காலத்தில் மூன்று வேலைகளை முடியுங்கள். இந்தியப் பட்டம் பிரிட்டனில் எதற்குச் சமம் என்று காட்டும் ஈனிக் சான்றிதழ் வாங்குங்கள். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஜி.சி.எஸ்.இ. (பிரிட்டனில் 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) கிரேடு 4 அளவு கேட்பார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட்டை ஏற்கிறார்களா என்று எழுதிக் கேளுங்கள், மறுத்தால் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 என்ற மாற்றுத் தேர்வை எழுதிவிடுங்கள். மூன்றாவது தடுப்பூசி. எம்.எம்.ஆர்., சின்னம்மை, ஹெபடைடிஸ் பி, காசநோய் பற்றிக் கேட்பார்கள். சின்ன வயது ஊசி அட்டை நம்மில் பலரிடம் இல்லை. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்க்கலாம். ஹெபடைடிஸ் பி ஊசியைப் புதிதாகத் தொடங்கினால் பல மாதம் இழுக்கும், அதனால் சீக்கிரம் தொடங்குங்கள்.

மூணு வருஷம் படிச்சவள்: எனக்கு ஒன்று சொல்லுங்கள். மூன்று வருடம் வார்டில் தேய்ந்தவர்களும், எங்கோ சைக்காலஜி படித்துவிட்டு இரண்டு வருடத்தில் வருபவர்களும் ஒன்றா? அரைவேக்காடு நர்ஸ்களை உருவாக்குகிறீர்கள்.

காலத்தைப் பார்க்காமல் தகுதியைப் பாருங்கள். 2018இல் வந்த அதே என்.எம்.சி திறன் பட்டியல்தான் இரு தரப்புக்கும். அதே பயிற்சிப் பதிவேடு, அதே கையெழுத்துகள், அதே பேண்ட் 5 (புது நர்ஸின் என்.எச்.எஸ். சம்பளப் படி) சம்பளம்.

மூணு வருஷம் படிச்சவள்: பட்டியல் அதே, மணி நேரம் குறைவு. 1,500 மணி நேரம் கழித்தீர்கள் என்று நீங்களே சொன்னீர்கள்.

நைட் டியூட்டி தம்பி: அக்கா, நான் ரெண்டு வருஷக் கோர்ஸ்ல முடிச்சவன். நாலு வருஷம் ஹெல்த்கேர் அசிஸ்டன்டா இருந்துட்டுதான் வந்தேன். பிளேஸ்மென்ட்ல (வார்டு பயிற்சில) என்னை வார்டு ஆள் பற்றாக்குறைக்கு இழுத்துவிட்டதுதான் நிஜம். படுக்கை மாத்துறதுல என்ன புதுசா கத்துக்கப் போறேன்?

இருவரும் ஆளுக்குப் பாதி சரி. கழிபட்ட மணி நேரம் வெறும் தள்ளுபடி அல்ல, ஆதாரம் காட்டிய மணி நேரம். ஆனால் அசிஸ்டன்டாகச் செய்த நான்கு வருடம் நர்ஸின் முடிவெடுக்கும் வேலையைக் கற்றுத்தராது. குறுகிய படிப்பில் ஆபத்து அங்கேதான்: கை பழகியிருக்கிறது என்று வார்டும் நினைக்கும், மாணவரும் நினைப்பார், மருந்து ரவுண்டும் ஹேண்டோவரும் டிஸ்சார்ஜ் திட்டமும் கைக்கு வராமலே பிளேஸ்மென்ட் முடிந்துவிடும்.

மாணவர் வார்டின் ஆள் கணக்கில் சேரக்கூடாது. இது விதி. அதற்காகப் படுக்கை மாற்ற மறுக்கச் சொல்லவில்லை. முதல் நாளிலேயே உங்களை மதிப்பிடும் பிராக்டிஸ் அசெசரிடம் உட்கார்ந்து, பதிவேட்டில் எந்தத் திறன்கள் இந்த வார்டில் முடிய வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நடுக்கால மதிப்பீட்டில் அதைக் காட்டிக் கேளுங்கள். ஆள் பற்றாக்குறைக்கு இழுக்கிறார்கள் என்றால் வார்டைக் கவனிக்கும் பல்கலைக்கழக இணைப்பு விரிவுரையாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மூணு வருஷம் படிச்சவள்: சொல்லுகிற மாணவர் எத்தனை பேர்? சொன்னால் கையெழுத்து போட மாட்டார்கள் என்ற பயம்.

பயம் நியாயமானது. அதனால்தான் எழுத்தில் வைக்கச் சொல்கிறேன். மணி நேரப் பதிவையும் ஷிப்ட் முடிந்ததும் அன்றே கையெழுத்து வாங்குங்கள். பன்னிரண்டரை மணி நேர ஷிப்டில் ஒரு மணி நேர இடைவேளை கழிந்து பதினொன்றரைதான் கணக்கு. அதைச் சேர்த்து எழுதிவிட்டுக் கடைசியில் நாற்பது ஐம்பது மணி நேரம் குறைகிறது என்று கோடை முழுக்க ஈடுகட்டுபவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு. கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் போய்விட்டால் அந்த பிளேஸ்மென்டே தொங்கும். இந்தச் சண்டையை இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

இங்கிலீஷ் லிட்: எம்.ஏ ஆங்கில இலக்கியம் படித்தவள். பிரிட்டனில் ஐ.எல்.ஆர். வாங்கியாச்சு. சேர்த்துக்கொள்வார்களா? மருந்துக் கணக்குக்கு 100% வேண்டும் என்கிறார்கள், கணக்கென்றாலே நடுக்கம்.

கலைப் பட்டதாரிகளை எடுக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, உடலியல் பாடத்துக்கான ஆதாரம் கூடுதலாகக் கேட்கலாம். சேர்வதற்கு முன் இதயம், சிறுநீரகம், நுரையீரல் மூன்றையாவது பிளஸ் டூ அளவில் படித்துவிடுங்கள்.

100% என்பது உண்மை. படிப்பு முடிவதற்குள் முழு மதிப்பெண் வாங்கியாக வேண்டும். ஆனால் அங்கே வருவது ஏழாம் வகுப்புக் கணக்கு. விழுவது அலகில். டைஜாக்சின் 125 மைக்ரோகிராம் எழுதியிருக்கிறது, கையில் 62.5 மைக்ரோகிராம் மாத்திரை. இரண்டு மாத்திரை. ஒருவர் 125 மைக்ரோகிராமை மில்லிகிராமாக்கும்போது 0.125க்குப் பதில் 1.25 என்று போட்டால் விடை இருபது மாத்திரை. இருபது மாத்திரையை ஒரே வேளையில் விழுங்கச் சொல்லும் விடையைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். அந்தப் பழக்கம்தான் தேர்வு சோதிப்பது.

இன்னொன்று: 42 கிலோ எடையுள்ள நோயாளிக்கு நரம்பு வழி பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. 630 மி.கி. ஆகிறது. மருந்து ஒரு மி.லி.யில் 10 மி.கி., ஆகவே 63 மி.லி. பாட்டிலில் 100 மி.லி. இருக்கிறதே என்று முழுவதையும் ஏற்றினால் ஒரு கிராம், அதிக டோஸ். டிரிப் கணக்கும் வரும்: ஒரு லிட்டர், எட்டு மணி நேரம், செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு. 1,000 × 20 ÷ 480 = 41.67. அரைச் சொட்டு விழாது, 42. எப்போதும் '0.5' என்று எழுதுங்கள், '.5' என்று எழுதினால் புள்ளி தொலைந்து ஐந்தாகும்.

ஆஸி கனவு: மென்டல் ஹெல்த்துக்குச் சுலபமாக இடம் கிடைக்கிறது. அதை முடித்துவிட்டு ஆஸ்திரேலியாவோ அமெரிக்காவோ போகலாம் அல்லவா?

பிரிவை அலட்சியமாக எடுக்காதீர்கள். பிரிட்டன் முதல் நாளிலிருந்தே ஒரு பிரிவில் பயிற்சி தருகிறது. பெரும்பாலான நாடுகள் பொது நர்ஸைத் தயார் செய்கின்றன. அமெரிக்க மாநில போர்டுகள் மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை, மனநலம் என எல்லாவற்றிலும் வகுப்பும் பயிற்சியும் இருக்கிறதா என்று பார்க்கும். அடல்ட் பிரிவினருக்கே மகப்பேற்றிலும் குழந்தை நலத்திலும் குறை சொல்வது வழக்கம், மென்டல் ஹெல்த் மட்டும் படித்தவருக்குக் கேட்கவே வேண்டாம். ஆஸ்திரேலியாதான் இலக்கென்றால் அங்கேயே இரண்டு வருட கிராஜுவேட் என்ட்ரி மாஸ்டர்ஸ் இருக்கிறது, குறைந்தது 800 மணி நேர வார்டு பயிற்சியோடு. அங்கும் நர்சிங் போர்டின் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துத்தான் சேர வேண்டும்.

சேலம் எம்.எஸ்சி மேத்ஸ்: இந்தியாவிலேயே வேறு பட்டத்தோடு எம்.எஸ்சி நர்சிங் சேர முடியுமா?

முடியாது. இந்தியாவில் எம்.எஸ்சி நர்சிங்குக்கு பி.எஸ்சி நர்சிங்கும் நர்ஸ் பதிவும் வேண்டும். ஜி.என்.எம். மூன்று வருடம் அல்லது பி.எஸ்சி நர்சிங் நான்கு வருடம், முதலிலிருந்து.

வேலூர் ஜூலஜி: கெயார் ஒர்க்கர் விசாவில் போய் மணி நேரம் சேர்த்துவிட்டு அப்புறம் படிக்கலாமா?

வெளிநாட்டிலிருந்து கெயார் ஒர்க்கர்களை எடுப்பது 2025 ஜூலை 22இலிருந்து நின்றுவிட்டது. இன்னமும் யாராவது பணம் கேட்டால் அது மோசடி.

டிப்ளமா டவுட்: பி.ஜி. டிப்ளமாவா எம்.எஸ்சியா? வயது 43.

பதிவுக்கு இரண்டும் சமம். எம்.எஸ்சியில் ஆய்வுக் கட்டுரை கூடுதல். வயது வரம்பு இல்லை.

நாகர்கோவில்: மேடம், ஒரு வருஷ எம்.எஸ்சி நர்சிங், ஏஜென்ட் நாளைக்குள்ள டெபாசிட் கட்டச் சொல்றார்…

படிப்பின் முழுப் பெயரை ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். என்.எம்.சி பட்டியலில் தேடுங்கள். இல்லையென்றால் கட்டாதீர்கள். 2,300 மணி நேரக் கணக்கு முதல் பதிலில் இருக்கிறது.