வீட்டு வாசலில் இருந்து கோயில் வரை

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. சென்னை அசோக் நகரில் இருக்கிறோம். தினமும் கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் நடந்து போய்வந்தவர், ஒரு வருடமாக வாசலைத் தாண்டுவதில்லை. “காலுக்கு ஒண்ணுமில்ல, ரோடுதான் பயமா இருக்கு” என்கிறார். எங்கள் குடியிருப்போர் சங்கம் என்ன செய்யலாம்?

பதில்: அம்மா காரணத்தைச் சரியாகவே சொல்லிவிட்டார். மனு எழுதும் முன், கோயில்வரை அவருடன் அவர் வேகத்திலேயே ஒருமுறை நடந்து பாருங்கள். கையில் அளவு டேப் இருக்கட்டும். எங்கே தயங்குகிறார், எங்கே எதைப் பிடிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு நடையில் நான் பார்த்த பாட்டி, பிளாட்பாரத்தில் இருந்து இறங்க, நிறுத்தியிருந்த பைக்கின் சீட்டில் கையை ஊன்றினார். பைக் ஆடியது. அப்புறம் அவர் மேலே ஏறவே இல்லை. வண்டிகளுக்கு நடுவே ரோட்டோரமாகவே நடந்தார். அந்த இடத்தின் உயரம் ஏறக்குறைய ஓர் அடி. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டுதல்படி 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தடையில்லாத அகலம் 1.8 மீட்டர் வேண்டும். ஒவ்வொரு கேட்டுக்கும் கார் ஏற வெட்டிவிடும் சரிவையும் எண்ணுங்கள். ஏறி இறங்கி ஏறி இறங்கியே முழங்கால் ஓய்ந்துவிடும்.

அடுத்தது சிக்னல். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துத்தான் பொதுவாகக் கணக்குப் போடுகிறார்கள். 18 மீட்டர் சாலைக்கு 15 விநாடி. அம்மா விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் 23 விநாடி ஆகும். அந்த எட்டு விநாடிதான் அவருடைய பயம். சிங்கப்பூரில் 2009 முதல், முதியோர் தங்கள் அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடிவரை கூடுதலாக எரிகிறது. இங்கே போக்குவரத்துக் காவல் துறையிடம் நேரத்தைக் கூட்டித் தரக் கேளுங்கள். அதற்கு ஒரு மூட்டை சிமென்ட்கூடத் தேவையில்லை.

வழியில் இரண்டு பெஞ்சுகளும் கேளுங்கள். சாய்மானமும் கைப்பிடியும் கட்டாயம். வெறும் திண்டில் உட்கார்ந்துவிடலாம், எழுந்திருப்பதுதான் கஷ்டம்.

பஸ்ஸைப் பொறுத்தவரை, சாதாரணக் கட்டணப் பேருந்தில் அம்மாவுக்குக் கட்டணம் இல்லை. படி உயரம்தான் சிக்கல். 2024-இல் வந்த தாழ்தளப் பேருந்துகள் ஏறுவதற்கு வசதியாகப் பக்கவாட்டில் தாழும். ஆனால் நிறுத்தத்தை ஒட்டி நிறுத்தினால்தான் அதில் பயன் உண்டு.

புகாரை மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கி வையுங்கள். உங்கள் வார்டின் பகுதி சபா (அந்தப் பகுதி மக்களின் கூட்டம்) கூடும்போது அந்தப் புகார் எண், அளவுகள், படங்களோடு போங்கள். அம்மாவையும் ஆட்டோவில் கூட்டிப் போய் அவரையே பேச விடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் முதியோருக்கு உகந்த நகரங்களுக்கான வழிகாட்டியைத் தயாரித்தபோது, டெல்லி, உதய்ப்பூர் உட்பட 33 நகரங்களில் முதியவர்களையே உட்காரவைத்துக் கேட்டது. உங்கள் தெருவில் எந்தக் கல் ஆடுகிறது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.