ஒஹாயோவில் 1908-க்கு முன் இறந்தவரின் கவுண்டிப் பதிவை எப்படித் தேடுவது?

கேள்வி: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1890-களில் இறந்த மூதாதையர் ஒருவரின் இறப்புப் பதிவு வேண்டும். மாநிலச் சுகாதாரத் துறையில் விசாரித்தால் இல்லை என்கிறார்கள். கவுண்டியில்தான், அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவில்தான் தேட வேண்டுமாம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அவர்கள் சொன்னது சரிதான். ஒஹாயோவில் மாநிலம் முழுவதற்குமான இறப்புச் சான்றிதழ் முறை 1908 டிசம்பர் 20 அன்றுதான் தொடங்கியது. அதற்கு முன், 1867 முதல், அந்தந்தக் கவுண்டியின் ப்ரோபேட் கோர்ட், அதாவது உயில், வாரிசு விவகாரங்களைப் பார்க்கும் நீதிமன்றம், பெரிய பேரேட்டில் இறப்புகளை வரி வரியாக எழுதி வைத்தது. ஆகவே நீங்கள் தேடுவது சான்றிதழை அல்ல, பேரேட்டில் உள்ள ஒரு வரியை. 1890-களுக்குச் 'சான்றிதழ் வேண்டும்' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'இறப்புப் பேரேட்டில் தேடித் தாருங்கள்' என்று கேளுங்கள்.

1867-க்கும் முந்தையது என்றால், 1856-57 வாக்கில் ஒரு சட்டம் சில காலம் நடைமுறையில் இருந்தது. அந்தப் பதிவுகள் ஒரு சில கவுண்டிகளில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பழைய மாநிலங்களில் கவுண்டி எல்லை மாறிக்கொண்டே இருந்தது பெரிய தலைவலி. ஒஹாயோவின் 88-வது, கடைசிக் கவுண்டியான நோபிள் 1851-லேயே உருவாகிவிட்டது. அதனால் இறப்புப் பேரேட்டுக் காலத்தில் இன்றைய வரைபடத்தை வைத்தே தேடலாம்.

பெயரைத் தட்டித் தேடுவதற்கு முன் இறந்த ஆண்டைச் சுருக்கிக்கொள்ளுங்கள். 1880, 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் பாருங்கள். 1880-ல் கணவன் மனைவி இருவரும் இருந்து, 1900-ல் மனைவி மட்டும் விதவை என்று இருந்தால் இடைவெளி 20 ஆண்டுகள். நடுவில் இருக்க வேண்டிய 1890 கணக்கெடுப்பு, 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டது. அந்த ஓட்டையை அடைப்பது நகர டைரக்டரி, அதாவது நகரவாசிகளின் பெயர், தொழில், முகவரி அடங்கிய புத்தகம். ஒஹாயோவின் சின்சினாட்டி நகரத்துக்கு வில்லியம்ஸ் டைரக்டரி ஆண்டுதோறும் வந்தது. ஒரு வருடம் கணவரின் பெயரும் தொழிலும் இருக்கும். அடுத்த வருடம் அதே முகவரியில் மனைவியின் பெயர், பக்கத்தில் 'இன்னாரின் விதவை' என்ற குறிப்பு. இருபது ஆண்டுகள் ஒன்றிரண்டாகக் குறுகிவிடும்.

அடுத்தது குடும்ப வரலாற்றுப் பதிவுகளைத் தேடும் ஃபேமிலிசர்ச் இணையதளம். கணக்கு இலவசம். 'ஒஹாயோ கவுண்டி இறப்புப் பதிவுகள், 1840–2001' என்ற தொகுப்பில் பெயர் தேடல் இருக்கிறது. ஆனால் அந்த இண்டெக்ஸை யாரோ ஒருவர் பழைய கையெழுத்தைப் படித்துத் தயாரித்தார் என்பதை மறக்க வேண்டாம். பெயர் அகப்படவில்லை என்றால் பேரேட்டிலேயே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜெர்மானியக் குடும்பம் என்றால் முல்லர் மில்லராகவும், ஷ்மிட் ஸ்மித்தாகவும் மாறியிருக்கலாம். நட்சத்திரக் குறியும் கேள்விக் குறியும் போட்டு, பாதிப் பெயரை வைத்துத் தேடுங்கள். குடும்பப் பெயரையே விட்டுவிட்டு முதல் பெயர், கவுண்டி, ஆண்டு மட்டும் கொடுத்தும் பாருங்கள். மணமான பெண் கணவரின் பெயருக்கு முன் 'மிஸஸ்' போட்டு மட்டும் பதிவாகியிருப்பாள். பெயரிடுவதற்கு முன் இறந்த குழந்தை 'இன்னாரின் சிசு' என்று தகப்பன் பெயரில் இருக்கும்.

அதிலும் கிடைக்காவிட்டால் அதே தளத்தின் கேட்டலாகில் ஊர்வாரியாகத் தேடி, உங்கள் கவுண்டியின் இறப்புப் பேரேடுகளைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பட்டியலில் பேரேட்டுக்கு எதிரே கேமரா சின்னம் இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அந்தச் சின்னத்தில் கேமராவுக்கு மேல் சாவி இருந்தால் ஃபேமிலிசர்ச் மையத்துக்கோ அதனுடன் இணைந்த நூலகத்துக்கோ போக வேண்டும். பல கவுண்டிகளின் பேரேட்டில் அகரவரிசை முதல் எழுத்தோடு நின்றுவிடும். 'எஸ்' பகுதிக்குள் பெயர்கள் தேதி வரிசையில்தான் கிடக்கும். மூன்று நான்கு வருடங்களின் 'எஸ்' பக்கங்களை முழுக்கப் படிப்பது ஒரு மாலை வேலை. தேடும் வரி பெரும்பாலும் இந்த வேலையில்தான் அகப்படுகிறது.

வரி கிடைத்ததும் அதை நிதானமாகப் படியுங்கள். ஒரே வரி இடப்பக்கத்தில் தொடங்கி வலப்பக்கம் வரை ஓடும்: பெயர், இறந்த தேதி, மணமானவரா, வயது, இறந்த இடம், பிறந்த இடம், தொழில், பெற்றோர், இறப்புக்குக் காரணம், கடைசியாகக் குடியிருந்த இடம், தகவல் தந்தவர். இதில் மிக முக்கியமானது கடைசிக் கட்டம். அங்கே மருத்துவர் பெயர் இருந்தால் தேதியை ஓரளவு நம்பலாம். 'அசெஸர்' என்று இருந்தால் கவனம் தேவை. அவர் வரி மதிப்பீட்டுக்காக ஆண்டுக்கு ஒரு முறை வீடு வீடாக வந்தவர். பல மாதங்களுக்கு முன் நடந்த சாவைக் குடும்பத்தாரோ பக்கத்து வீட்டாரோ நினைவிலிருந்து சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். நாள் தவறும், மாதமும் தவறும். 1893 இறப்பு 1894 பகுதியில் பதிவாகியிருப்பதும் இதனால்தான். எனவே நீங்கள் கணித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டையும் கட்டாயம் பாருங்கள்.

வயது 67 ஆண்டு 8 மாதம் 20 நாள் என்ற பாணியில் இருந்தால் பிறந்த தேதியைக் கணக்கிடலாம். இறந்தது 1893 மார்ச் 5 என்று வைத்துக்கொள்வோம். 5-லிருந்து 20 போகாது. ஒரு மாதம் கடன் வாங்க வேண்டும். பிப்ரவரிக்கு 28 நாள் என்றால் 33-லிருந்து 20 போக 13. மாதத்தில் 2-லிருந்து 8 போகாது, ஒரு வருடம் கடன் வாங்கினால் 14-லிருந்து 8 போக 6. 1892-லிருந்து 67 போக 1825. விடை 1825 ஜூன் 13. எழுதியவர் மாதத்துக்கு 30 நாள் என்று வைத்திருந்தால் ஜூன் 15 வரும். ஞானஸ்நானப் பதிவோடு இரண்டு நாள் இடித்தால் ஆளே வேறு என்று தள்ளிவிட வேண்டாம்.

நோய்களின் பெயரும் பழையவை. கன்சம்ப்ஷன் என்றால் காசநோய். டிராப்ஸி என்றால் உடலில் நீர் கோத்து வீங்குவது. அபோப்ளெக்ஸி பெரும்பாலும் மூளையில் ரத்தக் கசிவு அல்லது அடைப்பு. குழந்தைகளுக்கு 'பல் முளைத்தல்' என்றே காரணம் எழுதியிருப்பார்கள்.

பெற்றோர் கட்டம் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டியதில்லை. அவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கையரில் யாராவது 1908 டிசம்பருக்குப் பிறகு ஒஹாயோவில் இறந்திருந்தால், அவர்களின் மாநிலச் சான்றிதழில் தகப்பன் பெயரும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் கேட்கப்பட்டிருக்கும். 1953 வரையிலான சான்றிதழ்களின் படங்கள் ஃபேமிலிசர்ச்சில் இலவசமாக உள்ளன. தகவல் தந்தவர் யார் என்று மட்டும் பாருங்கள். மருமகனுக்கு மாமியாருடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயர் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. முடிந்தால் இரண்டு மூன்று பேரின் சான்றிதழ்களை ஒப்பிடுங்கள்.

உங்களுடையது சின்சினாட்டி இருக்கும் ஹாமில்டன் கவுண்டி என்றால் வழி வேறு. 1884 மார்ச் கலவரத்தில் நீதிமன்றக் கட்டடம் எரிந்ததில் ஏராளமான பதிவுகள் போய்விட்டன. ஆனால் நகரச் சுகாதாரத் துறை தனியாக அட்டைகள் வைத்திருந்தது. 1865 முதல் 1912 வரையிலான பிறப்பு, இறப்பு அட்டைகளைச் சின்சினாட்டி பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. முதலில் அங்கே பாருங்கள்.

இறந்த கவுண்டியும் வாழ்ந்த கவுண்டியும் வேறாக இருக்கலாம். மனநோய் மருத்துவமனையில் இறந்திருந்தால் அந்த மருத்துவமனை இருந்த கவுண்டியில் தேட வேண்டும். 1874-ல் ஒஹாயோவின் ஏதன்ஸ் ஊரில் திறந்த மனநோய் மருத்துவமனைக்குப் பல கவுண்டிகளிலிருந்து நோயாளிகளை அனுப்பினார்கள்.

கோர்ட்டுக்கு எழுதுவதானால், பேரேடுகள் இப்போது அங்கேதான் இருக்கின்றனவா, ஆவணக் காப்பகத்துக்கோ நூலகத்துக்கோ போய்விட்டனவா என்று முதலில் கேளுங்கள். பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும், ஐந்து ஆண்டு இடைவெளியையும், தெரிந்தால் டவுன்ஷிப்பையும் (கவுண்டியின் உட்பிரிவு) குறிப்பிடுங்கள். இரண்டு பக்கங்களும் சேர்ந்த படம் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். இடப்பக்கம் மட்டும் வந்தால் நோயும் தகவல் தந்தவரும் கைவிட்டுப் போகும்.

எதிலும் அகப்படவில்லை என்றால் அதே ப்ரோபேட் கோர்ட்டின் சொத்துக் கோப்புகளைக் கேளுங்கள். வீடோ நிலமோ வைத்திருந்தவர் என்றால் அந்தச் சொத்துக்கு நிர்வாகியை நியமிக்கக் கொடுத்த மனுவில் இறந்த தேதியும் வாரிசுகளின் பெயர்களும் இருக்கும். சில கோப்புகளில் சவப்பெட்டிக்கும் குதிரை வண்டிக்கும் கொடுத்த ரசீதுகூடப் பத்திரமாகச் செருகியிருக்கும்.