துணிச்சலா, திமிரா, இங்கிதக் குறைவா? ஆங்கிலச் சொல் கேள்வி-பதில்

பரிந்துரைக் கடிதத்தில் ஒருவரைத் துணிச்சலானவர் என்று எழுத 'ஆடேஷஸ்' சரியா?

திட்டத்துக்குச் சரி. ஆளுக்குப் போடுமுன் யோசியுங்கள். 'துணிதல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். 'ஆன் ஆடேஷஸ் பிளான்' என்றால் பிறர் நினைத்தும் பார்க்காத திட்டம் என்ற வியப்பு. மேலதிகாரியிடம் ஒருவர் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னாலோ, 'என்ன தைரியம் இவனுக்கு!' என்ற முறைப்பும் சேர்ந்துகொள்ளும். பெயர்ச்சொல்லான 'ஆடாஸிட்டி'யில் அந்த முறைப்பு இன்னும் தூக்கல். கடிதத்தில் ஆளை 'கான்ஃபிடன்ட்', 'டிசைசிவ்' என்று சொல்லி, அவர் எடுத்த முடிவுகளை 'போல்ட்' என்று சொல்லுங்கள். 'பிரேவ்' ஆபத்தையோ வலியையோ தாங்கி நின்றவருக்கு உரியது.

ஒன்று கூடுதலாக: பிரிட்டிஷ்காரர் ஒருவர் 'தட்ஸ் எ பிரேவ் டிசிஷன்' என்று சொன்னால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். பல சமயம் அது 'மாட்டிக்கொள்ளப் போகிறாய்' என்பதை நாசூக்காகச் சொல்லும் வழி.

கேர்லெஸ், ரெக்லெஸ், ராஷ், ஃபூல்ஹார்டி: நான்கையும் அகராதி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விளக்குகிறது. எதை எங்கே போடுவது?

ஆபத்து அவருக்குத் தெரிந்திருந்ததா என்று முதலில் கேளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பைக் ஓட்டுபவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிரேக் தேய்ந்திருப்பதைக் கவனிக்காமலே கிளம்பினால் 'கேர்லெஸ்'. தேய்ந்தது தெரிந்தும், யாருக்கு என்ன ஆனால் என்ன என்று விரட்டினால் 'ரெக்லெஸ்'. நண்பன் பந்தயம் கட்டியதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் 'சரி' என்று வாக்குக் கொடுத்தால் 'ராஷ்'. வெள்ளம் கரைபுரளும் பாலத்தைக் கடந்து காட்டுகிறேன் என்று, அதை வீரம் என்றே நம்பி இறங்கினால் 'ஃபூல்ஹார்டி'. இந்தக் கடைசிச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. முட்டாள், துணிந்தவன் என்ற இரண்டு சொற்களின் கூட்டு அது. நம் 'அசட்டுத் துணிச்சல்' அதற்கு அச்சாகப் பொருந்தும்.

தெரிந்தும் பொருட்படுத்தாமை, தெரியாமலே விட்டுவிட்டமை என்ற இந்த வேறுபாடு சட்டத்திலும் உண்டு. அமெரிக்காவில் 1962-இல் வெளியான மாதிரி தண்டனைச் சட்டம், ஆபத்தை உணர்ந்தே புறக்கணிப்பதை 'ரெக்லெஸ்' என்றும், உணர வேண்டியதை உணராமல் போவதை 'நெக்ளிஜென்ட்' என்றும் பிரிக்கிறது. அதனால் அலுவலக விபத்து அறிக்கையில் 'ரெக்லெஸ்' என்று எழுதினால், அவருக்கு ஆபத்து தெரியும் என்றே குற்றம் சாட்டுகிறீர்கள். ஆதாரம் இல்லாவிட்டால் 'கேர்லெஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சேர்க்கையும் முக்கியம். முடிவு, வாக்குறுதி இரண்டுக்கும் 'ராஷ்' இயல்பாக அமையும். பிழைக்கு 'கேர்லெஸ் மிஸ்டேக்'தான், 'ராஷ் மிஸ்டேக்' காதில் உறுத்தும். எழுத்துக்கூட்டலிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'ரெக்லெஸ்'ஸின் தொடக்கத்தில் டபிள்யூ கிடையாது. அதில் உள்ள 'ரெக்' என்பது 'அக்கறைப்படு' என்னும் பழைய ஆங்கில வினை. டபிள்யூ சேர்த்தால் உடைந்து நொறுங்குவதைக் குறிக்கும் வேறொரு 'ரெக்' உள்ளே வந்துவிடும்.

மனதில் பட்டதைப் பட்டென்று சொல்பவர் 'ஃபிராங்க்'கா, 'பிளன்ட்'டா, 'டாக்ட்லெஸ்'ஸா?

'ஃபிராங்க்' பாராட்டு. ஒளிவுமறைவில்லாதவர். 'பிளன்ட்' என்றால் மழுங்கிய கத்தி. உண்மையைத்தான் சொல்கிறார், ஆனால் மெருகில்லாமல், வெட்டு ஒன்று துண்டு இரண்டாக. சிலர் அதையே பெருமையாகவும் சொல்லிக்கொள்வதுண்டு. 'டாக்ட்லெஸ்' என்று யாரும் தன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். எதிரில் இருப்பவர் மனம் என்ன பாடுபடும் என்ற உணர்வே இல்லாதவர் அவர். நம் மொழியில் இங்கிதம் தெரியாதவர். தேர்வில் தோற்றவரிடம் 'வினாத்தாள் ரொம்ப எளிதாமே' என்பது டாக்ட்லெஸ். புண்படுத்த வேண்டும் என்றே சொல்லியிருந்தால் அது 'ரூட்' அல்லது அதைவிட மோசம். இங்கிதக் குறைவில் பெரும்பாலும் உள்நோக்கம் இருக்காது.

'டாக்ட்' என்ற பெயர்ச்சொல்லுக்கு மூலம் தொடுதலைக் குறிக்கும் லத்தீன் சொல். அதன் நல்ல உரிச்சொல் 'டாக்ட்ஃபுல்'. 'டாக்டிகல்' என்று எழுதிவிடாதீர்கள். அது படையை அணிவகுக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த, வியூகம் சார்ந்த சொல். 'ஹி வாஸ் வெரி டாக்டிகல்' என்றால் காரியக்காரர் என்ற பொருள் வந்துவிடும்.

'ரொம்ப ஃபார்வர்ட்' என்பதைப் புகழ்ச்சியாக எழுதலாமா?

வேண்டாம். நம் பேச்சில் அது நவீன எண்ணம் கொண்டவர். ஆங்கிலத்திலோ 'ஷி இஸ் எ பிட் ஃபார்வர்ட்' என்றால் பழகாத இடத்திலேயே உரிமை எடுத்துக்கொள்பவர், கிட்டத்தட்ட நம் அதிகப்பிரசங்கி. நீங்கள் நினைக்கும் பொருளுக்கு 'ஃபார்வர்ட் திங்கிங்' அல்லது 'புரோகிரசிவ்'. 'போல்ட்'டும் அயர்லாந்தில் கொஞ்சம் மாறும். அங்கே 'போல்ட் சைல்டு' என்றால் குறும்புக்காரக் குழந்தை.

'பிராஷ்', 'பிரேசன்' இரண்டும் ஒன்றா?

இல்லை. பிராஷ் ஆளிடம் சத்தமும் அலட்டலும் இருக்கும். பிரேசன் ஆளிடம் வெட்கம் இருக்காது. பித்தளையால் ஆனது என்பது இதன் ஆதிப்பொருள். கையும் களவுமாகப் பிடிபட்டும் முகம் மாறாமல் சமாளிப்பதை 'பிரேசன் இட் அவுட்' என்பார்கள்.

'எவ்வளவு திமிர் இருந்தால் என்னிடமே கேட்பான்' என்பதை எப்படிச் சொல்வது?

'ஹி ஹேட் த நெர்வ் டு ஆஸ்க் மீ'. 'த', 'டு' இரண்டையும் விடாதீர்கள். 'நெர்வ்' இருந்த இடத்தில் 'சீக்' போட்டால் சற்று லேசான பிரிட்டிஷ் தொனி வரும், 'ஆடாஸிட்டி' கனமானது, 'கால்' கசப்பானது (ஜி-யில் தொடங்கும் இதன் பழைய பொருளே பித்தநீர்). 'டெமெரிட்டி' எழுத்து நடைக்கு உரியது. அதை 'டிமிடிட்டி'யோடு குழப்பினால் திமிர் பிடித்தவர் கூச்ச சுபாவக்காரர் ஆகிவிடுவார்.

சக ஊழியரிடம் இதைச் சுட்டிக்காட்டினால் உறவு கெடாதா?

ஆளை விட்டுச் செயலைச் சொல்லுங்கள். 'யூ ஆர் டாக்ட்லெஸ்' என்பது அவர் குணத்துக்கே முத்திரை. 'தட் கேம் அக்ராஸ் அஸ் எ பிட் பிளன்ட்' என்றால் அந்த ஒரு பேச்சோடு போகும். 'யூ ஆர் பீயிங் ரெக்லெஸ்' என்று 'பீயிங்' சேர்த்தாலும் இப்போதைய நடத்தை மட்டும்தான். முடிந்துபோன செயலுக்கு 'இட் வாஸ் ராஷ் ஆஃப் ஹிம் டு ரிசைன்' என்ற அமைப்பு. அங்கே 'ஆஃப்' இடத்தில் 'ஃபார்' போடுவதுதான் அடிக்கடி கண்ணில் படும் பிழை.