ரத்தம் வருகிறதென்று பல் துலக்காமல் இருக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. நாலு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சாப்பிடுகிறார். பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறதென்று பிரஷை ஓரமாக வைத்துவிட்டு, உப்பும் சாம்பலும் விரலில் தொட்டுத் தேய்க்கிறார். கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திவிட்டு வந்தால் பிடுங்கலாம் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். நெஞ்சுக்கு வைத்தியம் செய்துகொண்டவர்களுக்குப் பல்லில் கையே வைக்கக் கூடாது என்கிறார் பெரியப்பா. எங்கள் ஊர்த் தண்ணீரால் பல்லெல்லாம் ஏற்கெனவே பழுப்பு. என்ன செய்வது?
- ஒரு வாசகி, காரிமங்கலம்

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த இரண்டு மாத்திரைகளையும் பொதுவாக ஒரு வருடம் வரை கொடுப்பார்கள். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அது உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்கிய இடத்தில் வரும் ரத்தம் அப்படியல்ல. கொஞ்சம் கூடுதல் நேரம் கசியும், அவ்வளவுதான். பஞ்சை வைத்து அழுத்திக் கடிக்கச் சொல்வார்கள், தேவைப்பட்டால் தையல் போடுவார்கள். ஒரே நாளில் நாலைந்து பல்லை எடுக்காமல் ஒவ்வொன்றாக எடுத்தால் போதும். எதையாவது மாற்ற வேண்டுமென்றால் அதை இதய மருத்துவர் சொல்லட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரைச் சீட்டையும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். "இவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் செய்யுங்கள் சார்" என்று இதய மருத்துவரின் போன் நம்பரையும் கொடுங்கள். இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

அடுத்து, ஈறு. ரத்தம் வருவதற்கு மாத்திரை மட்டும் காரணமல்ல. பல்லும் ஈறும் சேரும் கோட்டில் அழுக்குப் படிந்து, அது கல்லாக இறுகி, ஈறு வீங்கியிருக்கும். வீங்கிய ஈறு தொட்டாலே கசியும், மாத்திரை அதைக் கொஞ்சம் அதிகமாக்குகிறது. பிரஷை விட்டுவிட்டால் அழுக்கு கூடும், அழுக்கு கூடினால் ரத்தமும் கூடும். அதனால் ரத்தம் வருகிற ஈறைத்தான் கவனமாகத் துலக்க வேண்டும். மெத்தென்ற பிரஷை வாங்கிக் கொடுங்கள். அதை ஈறுப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, அந்தக் கோட்டிலேயே சின்னச் சின்னதாக அசைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். காலையில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை. பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் (படிந்த கல்லைச் சுரண்டி எடுப்பது) செய்து, வீட்டில் இப்படித் துலக்கி வந்தால், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் ரத்தம் குறைவது தெரியும். அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரையால் சிலருக்கு ஈறே தடித்து வளரும். அப்பா அதையும் சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள்.

ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒன்றுதான் மற்றதை உண்டாக்குகிறது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் ஆறாத ஈறு வழியாகக் கிருமிகள் ரத்தத்தில் கலக்கும். செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும், முன்பு இதய உள்ளுறையில் கிருமித் தொற்று வந்தவர்களுக்கும், சிலவகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது பெரிய ஆபத்து. அவர்கள் பல் பிடுங்குவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டென்டுக்காக அது தேவையில்லை.

பழுப்புக் கறை பற்றி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இங்கே பல ஊர்களில் தாண்டியது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியதே இதற்காகத்தான். ஆனால் சிறுவயதில் பல் உருவாகும்போதே ஏறிய கறை அது, சாம்பலோ செங்கல் பொடியோ போட்டுத் தேய்த்தால் போகாது, பல்தான் தேயும். 'நம்ம ஊர்ப் பல்லே இப்படித்தான்' என்று விட்டுவிடுவதால் ஈறு நோய் முற்றும்வரை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். பெரியவர்களுக்கு ஃபுளோரைடு பேஸ்ட்டால் புதிதாகக் கறை வராது, துப்பிவிட்டால் போதும். பீடி, புகையிலைப் பழக்கம் இருந்தால் ஈறுக்காகவும் நெஞ்சுக்காகவும் விட்டே ஆக வேண்டும்.

பல்வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மாரடைப்பு வந்தவருக்கு அவை ஆகாது. பாராசிட்டமால் கொடுக்கலாம்.

பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: நாலு மாதம் ஆகிவிட்டது, இதய மருத்துவர் சரி என்றால் ஆடும் பல்லுக்கு இப்போதே வைத்தியம் பார்க்கலாம். அப்புறம் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. அப்பாவுக்கு நடக்கும்போதோ மேடேறும்போதோ கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்ததும் விட்டுவிட்டால் அது பல்வலியாக இல்லாமல் இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம், அன்றைக்கே இதய மருத்துவரிடம் காட்டுங்கள். உட்கார்ந்தும் விடவில்லை, கூடவே வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் பல் மருத்துவரைத் தேட வேண்டாம். உடனே 108க்கு அழையுங்கள்.